மழை அளந்த கண்ணாடியை யார் அளந்தது

திருச்சுழியில் அப்பய்யாவுக்குப் 'பாத்தியாரு' என்று பெயர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள், வாத்தியார் என்பதைத்தான் இந்தப் பக்கத்து நாக்கு இப்படிப் புரட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகக் கும்பிடுவார்கள். அப்பய்யா எட்டாவது வரைக்கும்தான் படித்தவர். யார் வந்து எதைச் சொன்னாலும் "நீ பாத்தியா?" என்று கேட்பார். அதனால் வந்த பெயர் அது.

"மேலத்தெருவுல பொன்னுத்தாய் வீட்டு மாடு ரெட்டைக் கன்னு போட்டிருச்சாம்."

"நீ பாத்தியா?"

"எங்க சின்னம்மா சொன்னா."

"சின்னம்மா பாத்தாகளா?"

இதற்கு மேல் எவனும் நின்று பேச மாட்டான்.

இந்தக் கேள்வி அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒட்டிக்கொண்டது. அருப்புக்கோட்டையில் தெலுங்கு பேசும் நெசவாளர் வீடு அவருடையது. ஒருநாள் பந்தல்குடியிலிருந்து வந்த ஒருவர், அப்பய்யாவின் தகப்பனார் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனதாகச் சொன்னார். தறிச்சத்தம் நின்றது. தெருவே கூடி அழுதது. பந்தலுக்குக் கம்பு ஊன்றக் குழிகூடத் தோண்டிவிட்டார்கள். சாயங்கால பஸ்ஸில் தகப்பனார் வந்து இறங்கினார், கையில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு. தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "யாரு செத்தது?" என்று துக்கக் குரலில் கேட்டார்.

சேதி கொண்டுவந்தவர் பொய்யர் இல்லை. லாரி கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில், தகப்பனார் போடுவது மாதிரியே ஒரு பச்சைத் துண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறார். மிச்சத்தை அவரே நினைத்துக்கொண்டார். நினைத்ததையும் பார்த்ததையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தெருவில் இறக்கிவிட்டார். அன்று அழுத அழுகைக்கு அப்பய்யா கடைசிவரை யாரையும் மன்னிக்கவில்லை.

1960இல் திருச்சுழியில் ஒரு சின்ன அரசாங்க ஆபீஸில் அவருக்குப் பியூன் வேலை கிடைத்தது. ஆபீஸ் வளாகத்தில் கம்பிவேலிக்குள் மழை அளக்கிற மானி ஒன்று இருந்தது. புனல் வைத்த ஒரு தகரக் குடம், அவ்வளவுதான். தினமும் காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, உள்ளே விழுந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து, எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுத வேண்டும். மற்றவர்களுக்கு இது தலைவலி. அப்பய்யாவுக்கு இது கோயில் பூசை. இதில் யார் சொன்னதையும் கேட்க வேண்டியதில்லை, எதையும் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் வந்து சண்டை போடுவார்கள். "முந்தாநேத்து பெஞ்ச மழையில எங்க ஊருணி தளும்பிருச்சு. நீங்க பத்து மில்லின்னு எழுதியிருக்கீக" என்று ஆண்டிச்சாமி என்ற கொத்தமல்லி வெள்ளாமைக்காரர் ஒருமுறை நேரில் வந்து கத்தினார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. கண்ணாடி சொல்லுது" என்றார் அப்பய்யா.

அவருக்குக் கல்யாணம் கூடாமல் போனதும் இந்தப் புத்தியால்தான். "பொண்ணு தங்கமான குணம்" என்பார் தரகர். "குணத்தை நீங்க பாத்தீகளா?" என்பார் இவர். படத்தைக் காட்டினால், "இது பொண்ணா, போட்டோக்காரர் கைவேலையா?" என்பார். அருப்புக்கோட்டையில் அவருடைய அம்மா லிங்கம்மாள் எல்லாக் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டு ஓய்ந்துபோனாள். அவருக்கு முப்பத்து நாலு வயது ஆனபோது தரகர்கள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

1968 ஆவணியில் சுந்தராம்பாள் திருச்சுழிக்கு வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். முப்பது வயது. வீட்டில் தெலுங்கு. தாயில்லாதவள். அப்பா வேங்கடபதியைக் கவனித்துக்கொண்டே வயசைக் கடத்திவிட்டவள். ஆபீஸ் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய வீட்டில் இருவரும் குடியேறினார்கள். பிள்ளைகளுக்கு மழைமானியைக் காட்ட அனுமதி கேட்டு ஒருநாள் ஆபீஸுக்கு வந்தவள், சுவரில் எறும்புச் சாரை வெள்ளை வெள்ளையாக முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவதைப் பார்த்தாள்.

"நாளைக்கு மழை" என்றாள்.

"நீங்க பாத்தீகளா டீச்சர்?"

"நாளைக்குப் பெய்யற மழைய இன்னைக்கு எப்படிப் பாக்குறது? எறும்பு முட்டை தூக்குதுல்ல, அதப் பாத்தேன்."

"அப்ப எறும்பு முட்டை தூக்குதுன்னு சொல்லுங்க. மழைன்னு சொல்லாதீக."

அவள் கோபப்படவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, "ஒங்கள எங்க அப்பா பாக்கணுமே. சாயந்தரம் வாங்க" என்றாள்.

வேங்கடபதி வாலிபத்தில் தறியை விட்டு ஓடிப்போய், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மடத்தின் நந்தவனத்துக்குத் தண்ணீர் இறைத்தவர். கிணற்றடிக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில்தான் தர்க்கப் பாடம் நடக்குமாம். எட்டு வருசம் இறைத்ததில் செடியும் வளர்ந்தது, இவருக்குத் தர்க்கமும் வளர்ந்தது. புத்தகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் காதில் விழுந்த படிப்பு. அதைக் கேட்டு வளர்ந்த மகள்தான் அன்று பேச்சைத் தொடங்கினாள்.

"ஒரு விசயம் நமக்குத் தெரியவர்றதுக்கு மூணு வழின்னு அந்தக் காலத்துல சொன்னாங்க. காண்டல், கருதல், உரை. கண்ணால பாக்குறது, ஒண்ணை வச்சு இன்னொண்ண நினைச்சுப் பிடிக்கிறது, அடுத்தவுக சொல்லிக் கேக்குறது. நீங்க முதல் ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் குப்பையில போடுறீக."

"தப்பா?"

"தப்புன்னு யார் சொன்னா? ஒங்கள மாதிரி அப்பவே ஒருத்தர் இருந்தாரு. கேளுங்க. மழையப் பாக்காமலே தெரிஞ்சுக்கலாம்னு சொன்னவங்க மூணு அடையாளம் காட்டுனாங்க. ஆத்துல வெள்ளம் வந்தா மேற்க மழை பெஞ்சிருக்கு. எறும்பு முட்டை தூக்குனா மழை வரப்போகுது. மயில் அகவுனா மேகம் கூடியிருக்கு. இவரு எந்திரிச்சு நின்னு மூணையும் ஒடைச்சாரு. ஆறு பெருக மழைதான் வேணுமா, எங்கயாச்சும் கரைய ஒடைச்சாலும் மறிச்சாலும் பெருகும். எறும்புப் புத்த யாராவது மண்வெட்டியால கொத்துனாலும் அது முட்டைய தூக்கிக்கிட்டுத்தான் ஓடும். மயில் சத்தம் கேட்டா மயில்தானா, மனுசன் கத்துனாலும் அப்படிக் கேக்கும்."

அப்பய்யாவுக்கு உடம்பு புல்லரித்தது. முப்பத்து நாலு வருசத்தில் தன் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்தது இதுதான் முதல் தடவை. "அந்த ஆளு எந்த ஊரு டீச்சர்?" என்றார்.

உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த வேங்கடபதி குரல் கொடுத்தார். "ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. இருந்து ஆயிரத்தைந்நூறு வருசம் இருக்கும்."

"நீங்க பாத்தீகளா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார் அப்பய்யா. பெரியவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, மகள் போய் நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

மறுநாள் மழை பெய்தது. சுந்தராம்பாள் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள். "மழை வந்துச்சு, இல்லங்கல. எறும்பு சொல்லித்தான் வந்துச்சுன்னு யாரு கண்டா?" என்றார் அவர். கண்ணாடி நாலு மில்லி காட்டியது. எழுதினார்.

ஐப்பசியில் ஒரு காலை குண்டாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மணலாகக் கிடந்த ஆறு செக்கச்செவேல் என்று ஓடியது. ஊரே கரையில் நின்றது. மேற்கே பெரிய மழை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சுந்தராம்பாளும் அதையே சொன்னாள். அப்பய்யா ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையோடு மேற்கே மிதித்தார். ஒன்பது மைல். திரும்பி வரும்போது வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு, முகத்தில் பவுர்ணமி.

"ஒரு சொட்டு மழை இல்ல டீச்சர். கண்மாய்க் கரை ஒடைஞ்சிருக்கு. நண்டு வளை போட்டு வச்சிருந்துச்சாம். நானே கிட்ட நின்னு பாத்தேன்."

"ஒன்பது மைல் மிதிச்சீகளா, இதுக்கு?"

"ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தி ஒரு மனுசன் சொல்லிட்டுப் போயிருக்காரு. ஒன்பது மைல் போகாட்டி எப்படி?"

அவள் உள்ளே போய் ஒரு செம்பு நீர்மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மயில் கதைதான் ஊரெல்லாம் பரவியது. கோட்டைச்சாமி என்று ஒருவர், நாடகங்களில் பபூன் வேசம் கட்டுகிறவர். ஒரு மத்தியானம் வானம் லேசாக மூடியிருந்தது. கருவேலங்காட்டுப் பக்கம் மயில் அகவியது. ஒன்று, இரண்டு, மூன்று தடவை. அப்பய்யா வானத்தைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், பிறகு மெதுவாக ஆபீஸுக்குள் போய்க் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். டீக்கடை வாசலில் இருந்த இருபது பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். புதர் மறைவிலிருந்து கோட்டைச்சாமி வெளியே வந்து அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

வேறொருவராக இருந்தால் வெட்கத்தில் ஒரு வாரம் வெளியே வந்திருக்க மாட்டார். அப்பய்யா நேராகச் சுந்தராம்பாளின் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார். "டீச்சர், மூணாவதும் நெசம். மனுசன் கத்துனா மயில் மாதிரியே கேக்குது. நானே ஏமாந்தேன்" என்று பெருமையாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வேங்கடபதி அவரை விடவில்லை. "எதிர்க்கட்சி பதில் சொல்லாம விட்டுச்சுன்னா நினைச்சீக? ஒடைப்புத் தண்ணியும் மழைத் தண்ணியும் ஒண்ணா? மழைத் தண்ணியில நுரை இருக்கும், சருகும் சுள்ளியும் மெதந்து வரும். உத்துப் பாக்காதவன்தான் ஏமாறுவான். மயில் மாதிரி கத்துனா மனுசன் ஏமாறுவான், பாம்பு ஏமாறுமா? நீங்க தோக்கடிச்சது அறிவை இல்ல, அவசரத்தை."

"எப்படியும் கண்ணால பாக்குறதுதானேய்யா கடைசிச் சாட்சி?"

"அதையும் கேட்டவன் ஒருத்தன் இருந்தான். கண்ணு காட்டுறது நெசம்னு எந்தக் கண்ணு சொல்லுச்சுன்னு கேட்டான். சித்திரை வெயில்ல பந்தல்குடி ரோட்டுல தண்ணி தெரியுதே, குடிச்சுப் பாத்தீகளா?"

அப்பய்யா பிடிவாதமாக, "கண்ணு ஏமாத்தலாம். என் கண்ணாடி ஏமாத்தாது" என்றார்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுந்தராம்பாள் நிமிர்ந்தாள். "கடையில இருக்கிற சாமானையெல்லாம் தராசு நிறுக்குது. தராச யாரு நிறுத்தா? ஒங்க கண்ணாடி சரியான கண்ணாடிதான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மொதக் கண்ணாடி அறுபத்தி நாலுல ஒடைஞ்சிருச்சு. இது மேலாபீஸ்ல இருந்து பார்சல்ல வந்தது."

"அனுப்புனவுக சரின்னு சொன்னாகளா?"

"ஆமா."

"அப்ப அது உரைதானே. நீங்க பாத்தீகளா?"

அவருடைய கேள்வியை அவரிடமே யாரும் கேட்டதில்லை.

கார்த்திகை முதல் வாரம் இருட்டிக்கொண்டு வந்தது. சுந்தராம்பாள் வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். அடியிலிருந்து வாய்வரைக்கும் ஒரே அகலம், நேர்ச் சுவர். அதை மானிக்குப் பக்கத்தில் செங்கல் அண்டைகொடுத்து வைத்தார்கள். மழை நின்று மறுநாள் காலை எட்டரைக்கு அவளே பள்ளிக்கூடத்து அடிஸ்கேலை டின்னுக்குள் நேராக நிறுத்தினாள். இருபத்தைந்து மில்லி. அப்பய்யா குடத்துத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். பத்து.

மறுபடி ஸ்கேலை வைத்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அடுத்த மழைக்கும் வைத்தார்கள். டின்னில் பதினைந்து, கண்ணாடியில் ஆறு.

விசயம் புரிய வெகுநேரம் ஆகவில்லை. அகலமான வாயுள்ள பெரிய மானிக்கென்று கோடு போட்ட கண்ணாடி அது. இங்கே இருந்தது சின்ன வாய் மானி; அதில் சேர்கிற தண்ணீர் அந்தக் கோடுகளில் குறைவாகத்தான் ஏறும். நாலு வருசமாகத் திருச்சுழியில் பெய்த மழையில் பாதிக்கு மேலே அப்பய்யாவின் நோட்டில் ஏறவே இல்லை.

அவர் கம்பிவேலிக்குள்ளேயே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். ஊரில் ஒவ்வொருத்தனையும் கேள்வி கேட்டு ஓட ஓட விரட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. சுந்தராம்பாள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட மணி அடித்தும் போகாமல், வேலிக்கு வெளியே அவர் எழுந்திருக்கும்வரை நின்றாள்.

ஆபீஸ் குமாஸ்தா நல்ல மனுசர். "ஏலே அப்பய்யா, நாலு வருசமா யாருக்கும் தெரியல. இன்னும் நாப்பது வருசம் ஆனாலும் தெரியாது. கண்ணாடியத் தவறவிட்டு ஒடைச்சிரு, புதுசு கேட்டு எழுது. சோலி முடிஞ்சது" என்றார்.

அப்பய்யா உடைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி ஒன்றரைப் பக்கம் எழுதினார். சுந்தராம்பாள் ஒற்றெழுத்து மட்டும் திருத்தினாள். தபாலில் போட்டுவிட்டு, ஆண்டிச்சாமியைத் தேடி அவருடைய ஊருக்குப் போனார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க சொன்னது சரி. எங்க கண்ணாடிதான் தப்பு."

மல்லிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி நிமிரக்கூட இல்லை. "எங்க ஊருணி நெறஞ்சது எனக்குத் தெரியும்ப்பா. அதச் சொல்லவா பஸ்ஸு ஏறி வந்த?" என்றார். பிறகு இரண்டு வெள்ளரிப் பிஞ்சு பறித்துக் கொடுத்தார்.

மூன்று மாதம் பதிலே இல்லை. வேலை போய்விடும் என்று ஊர் பேசிக்கொண்டது. மாசியில் மேலாபீஸிலிருந்து ஒருவர் வந்தார். மானியை அளந்தார், கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கடைசியில் பிஸ்கட் டின்னைக் கையில் எடுத்து, "இது யாரு யோசனை?" என்றார். அப்பய்யா சுவருக்கு அந்தப் பக்கம் காட்டினார். வந்தவர் வேங்கடபதி வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் சரியான கண்ணாடி வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. நாலு வருசக் கணக்கையும் இரண்டரையால் பெருக்கிச் சிவப்பு மையில் திருத்தி அனுப்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பகலில் சுந்தராம்பாள் வீட்டில் உட்கார்ந்து இருவரும் பெருக்கினார்கள். அவர் படிக்க, அவள் எழுதினாள். வறண்ட சீமை என்பதில் ஒரு சௌகரியம் இருந்தது. மழை பெய்த நாளே குறைவு. மாதம் முழுக்க இரண்டரையால் பெருக்கியும் சைபராகவே நின்ற பக்கங்கள் எத்தனையோ. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே வேலை முடிகிற மாதிரி ஆகிவிட்டது. அது இருவருக்கும் பிடிக்கவில்லை.

அப்பய்யா பேனாவை மூடிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "டீச்சர், ஒங்களுக்கு எம்மேல பிரியம் இருக்குன்னு எனக்குத் தோணுது. மோர் கொண்டாந்து குடுத்தீக. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியும் போகாம நின்னீக. ஆனா அதெல்லாம் ஆத்து வெள்ளம் மாதிரி. மேற்க மழையான்னு தெரியல. எனக்குன்னா சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வரவும் வழியில்ல."

"வழி இல்லதான்" என்றாள் அவள். "அடுத்தவுக மனசைக் கண்ணால பாக்க முடியாது. நினைச்சுப் பிடிச்சாலும் தப்பாப் போகும். இதுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு. நான் சொல்வேன். நீங்க கேட்டு நம்பணும்."

"சொல்லுங்க."

"பிரியம் இருக்கு."

'நிசமா' என்று அவர் கேட்கவில்லை. உள்ளே கட்டிலிலிருந்து பெரியவர் செருமும் சத்தம் மட்டும் கேட்டது.

1969 வைகாசியில் அருப்புக்கோட்டையில் கல்யாணம். லிங்கம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் ஏதோ சொல்லி அழுதாள், சிரித்தாள். கோட்டைச்சாமி பந்தலில் மயில் மாதிரி அகவிச் சாப்பாட்டுப் பந்தியைக் கலகலக்க வைத்தார். வேங்கடபதி இன்னும் மூன்று வருசம் இருந்து, பேத்திக்குப் பஞ்சம்மாள் என்று தன் தாயார் பெயரை வைத்துப் பார்த்துவிட்டே போனார்.

கல்யாணத்துக்குப் பிறகு அப்பய்யாவுக்கு ஒரு புது ஆசை பிடித்தது. ஒரு மானி காட்டுவது ஓர் ஊர் மழையைத்தானே என்று, சுற்றியிருந்த பதினோரு ஊர்களில் நேர்ச்சுவர் டின்களை வைத்தார். ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆளைப் பிடித்து, ஒரு ஸ்கேல் வாங்கிக் கொடுத்தார். பஸ் டிரைவரிடமும் சந்தைக்கு வருகிறவர்களிடமும் அவர்கள் அளவைச் சொல்லி அனுப்புவார்கள். "டின்னு வச்சிருக்கிற பாலாமணி பதினெட்டுன்னு சொல்லச் சொன்னாக" என்பார் கண்டக்டர். அப்பய்யா எழுதிக்கொள்வார். யாரெல்லாம் நிதானமானவர்கள், யாருக்குக் கை நடுங்கும், யார் நாலு மணிக்கே எழுந்து பார்ப்பவர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

வீரசோழனில் டின் வைத்திருந்தது மீரான் பீவி. மிளகாய் வியாபாரி ஜமால் மைதீனின் தாயார். அந்தம்மா சொல்லும் அளவு பக்கத்து ஊர்களைவிட எப்போதும் இரண்டு மில்லி கூடவே இருந்தது. 1976இல் அப்பய்யாவும் சுந்தராம்பாளும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். ஸ்கேலை டின்னுக்கு உள்ளே விடாமல், வெளியே தரையிலிருந்து நிறுத்தி, மேலிருந்து எட்டிப் பார்த்துத் தண்ணீர் மட்டத்தைக் கண்மதிப்பாக அளந்துகொண்டிருந்தார் மீரான் பீவி. உள்ளே கையை விட்டால் தண்ணீர் அசுத்தமாகிவிடும் என்று நினைப்பு. டின் அடித்தகடு தரையிலிருந்து இரண்டு மில்லி தூக்கலாக இருந்தது.

"ரெண்டு மில்லி கூடுதலா வருதும்மா" என்றார் அப்பய்யா பணிவாக.

"வரட்டுமே தம்பி. மழை நம்மூருக்கு ரெண்டு மில்லி கூடப் பெஞ்சதா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் மீரான் பீவி, குழந்தையின் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துக்கொண்டே.

சுந்தராம்பாள் புருசனின் முகத்தைப் பார்த்தாள். அவர் டீயைக் குடித்தார், நோட்டை எடுத்து வீரசோழன் பக்கத்தில் 'இரண்டு கழிக்க' என்று எழுதிக்கொண்டார். மூன்றரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மீரான் பீவி தன் பேத்தியின் நிக்காஹுக்கு மூன்று பேரும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் கூட்டம். பஞ்சம்மாள் அப்பய்யாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு, வழியில் தெரிந்த ஒவ்வொரு கண்மாய்க்கும் பெயர் கேட்டுக்கொண்டே வந்தாள். தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுச் சொன்னார்.